கிண்டிலா, காகிதமா, காதால் கேட்பதா: விட்ட வரிக்குத் திரும்பும் கணக்கு

போன மாதம் ஒருநாள் காலை குரோம்பேட்டையில் ரயில் ஏறும்போது, என்னோடு வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: "அக்கா, கிண்டில் வாங்கலாமா, இல்ல புத்தகமாவே வாங்கிப் படிக்கிறது நல்லதா? போனஸ் வந்திருக்கு, அதான் கேக்குறேன்." பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. கல்லூரியில் படிக்கும்போது வாரம் ஒரு நாவல் முடித்தவள். குழந்தை பிறந்த பிறகு ஒரு புத்தகத்தைக்கூடக் கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லை என்று சொன்னபோது அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. என் மகன் பிறந்து இரண்டரை வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் அந்த வருத்தம் எனக்குப் புதிதில்லை.

கிண்டி ஸ்டேஷன் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அவள் கேட்டது எந்தச் சாதனம் என்று: மின்னூல் படிக்க அமேசான் விற்கும் கிண்டில் கருவியா, காகிதமா. கடந்த ஆறேழு வருடத்தில் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்த எனக்கு, அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது.

நேரமே இல்லை என்று எல்லோரும் சொல்கிறோம். நான் ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். குரோம்பேட்டையிலிருந்து எழும்பூர் வரை போக 40 நிமிடம், வர 40 நிமிடம். காலையில் சமையலறையில் 50 நிமிடம், மாலையில் 40. இரவு பையன் தூங்கியபிறகு அரை மணி. நடுவில் ரேஷன் கடை வரிசை, பள்ளி வாசல், பால் காயும் அடுப்பு என்று ஐந்து ஐந்து நிமிடங்கள். கூட்டினால் நிறையவே வந்தது. ஆனால் எல்லாம் துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டிலும் முதல் நான்கைந்து நிமிடம் "எங்கே விட்டோம், இவன் யாருடைய தம்பி" என்று தேடுவதிலேயே போய்விடும். 20 நிமிடத் துண்டில் 5 நிமிடம் அப்படிப் போனால் கால்வாசி நேரம் காணாமல் போகிறது. மூன்று நாள் இடைவெளி விழுந்தால் தேடுவதற்கே அலுப்பு வந்து, புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

ஆகவே எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: விட்ட வரிக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்ப முடிகிறது? சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. நூலகத்துக்காக அவர் சொன்னதை நான் கையில் பிடித்திருக்கும் பொருளுக்கும் வைத்துப் பார்க்கிறேன்.

காகிதப் புத்தகத்தில் இருந்தே தொடங்குகிறேன். காலை ரயிலில் மகளிர் பெட்டியில் கிண்டி வரை நின்றுதான் போக வேண்டும். ஒரு கை மேலே பிடித்திருக்கும், மறு கைக்குத்தான் புத்தகம். 200 பக்கப் புத்தகத்தைக் கட்டைவிரலை நடுவில் கொடுத்து விரித்துப் பிடிக்கலாம். 600 பக்கத் தடிப் புத்தகம் பல்லாவரம் தாண்டுவதற்குள் மணிக்கட்டை வலிக்கவைத்துவிடும். ஆனால் திரும்பிப் போகிற வேகத்தில் காகிதத்தை எதுவும் மிஞ்சவில்லை. இடது பக்கம், கீழ்ப்பாதி, அந்தக் கடிதம் வருகிற இடம் என்று கண்ணுக்கு ஞாபகம் இருக்கிறது. நான் பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுச் சீசன் டிக்கெட்டை அந்தப் பக்கத்தில் செருகி மூடுவேன். மறுநாள் திறந்த ஐந்தாவது நொடியில் கதைக்குள் இருப்பேன்.

இதில் நான் தாமதமாகக் கண்டுகொண்ட ஒரு விஷயம் உண்டு. எதில் படிக்கிறோம் என்பதைவிட, படிக்கிற புத்தகத்தின் அத்தியாயம் எவ்வளவு நீளம் என்பதுதான் ரயிலில் பெரிய வித்தியாசத்தைத் தருகிறது. வார இதழ்களில் தொடராக வந்த பழைய தமிழ் நாவல்களை எடுத்துப் பாருங்கள். அத்தியாயங்கள் ஏழெட்டுப் பக்கத்துக்குள் முடியும். அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருக்க வேண்டுமே என்று, முடிவில் ஒரு கொக்கியும் தொடக்கத்தில் போன வாரத்தின் நினைவூட்டலும் வைத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை மட்டும் கதைக்குள் வந்து போகிற, வீட்டு வேலைக்கு நடுவே படிக்கிற ஆட்களுக்காகவே எழுதப்பட்டவை அவை. எனக்கு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். மீனம்பாக்கத்தில் தொடங்கினால் சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். சிறுகதைத் தொகுப்பும் அப்படித்தான், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. ஆனால் பத்தியே பிரிக்காமல் நாற்பது பக்கம் ஓடுகிற நவீன நாவலை ரயிலுக்குக் கொண்டுபோய் நான் மூன்று முறை தோற்றிருக்கிறேன். அந்த நாவலில் ஒரு குறையும் இல்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேண்டும், அவ்வளவுதான்.

கிண்டிலுக்கு வருகிறேன். சுமார் 200 கிராம் எடை. ஆயிரம் பக்க நாவலையும் ஒரே கையில் பிடிக்கலாம், ஒற்றை விரலால் பக்கம் திருப்பலாம். திறந்ததும் விட்ட பக்கத்திலேயே நிற்கும். திரை மின்தாள் வகை. எழுத்தை நிறுத்தி வைக்க மின்சாரம் வேண்டாம், பக்கம் மாறும்போது மட்டும் கொஞ்சம் செலவாகும். அதனால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. இரவில் இதைவிட வசதியானது எனக்கு வேறில்லை. பையன் என் தோளில் தலைவைத்துத் தூங்குவான், விளக்கு போட முடியாது. மங்கலான திரை வெளிச்சத்தில் ஒரு கையால் படிக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த ஒன்றுக்காகவே அது காசு பெறும்.

பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அடுத்து படிக்க ஆசைப்படும் பத்துத் தமிழ்ப் புத்தகங்களை ஒரு தாளில் எழுதி, அவற்றில் எத்தனை மின்னூலாகக் கிடைக்கின்றன என்று தேடிப் பாருங்கள். 2016 இறுதியில்தான் அமேசான் தமிழ் மின்னூல்களைக் கிண்டிலில் கொண்டுவந்தது. அதன் பிறகு நிறையவே சேர்ந்திருக்கின்றன என்றாலும், காகிதத்தில் மட்டும் கிடைக்கும் நல்ல புத்தகங்கள் இன்னும் ஏராளம். என் பட்டியலில் பத்துக்கு நான்குதான் தேறியது. ஆறுக்குக் கீழே என்றால் பொறுத்திருப்பது நல்லது. ஆங்கிலமும் நிறையப் படிப்பவர் என்றால் இந்தக் கணக்கு மாறும்.

இன்னொன்று, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இருக்கும் பழைய நூல்களை இதில் படித்துக்கொள்ளலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். அவை பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து எடுத்த படங்கள். ஆறங்குலத் திரையில் எழுத்து எறும்பாகிவிடும், பெரிதாக்கினால் வரி பாதியில் வெட்டுப்படும். அவற்றுக்குக் கணினியோ பெரிய டேப்லெட்டோதான் சரி. தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் இருந்து தட்டச்சு செய்து இணையத்தில் தரும் நூல்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவை எழுத்துகளாகவே இருப்பதால் திரைக்கு ஏற்ப மடங்கிக்கொள்ளும்.

மாதச் சந்தா கட்டி எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கும் திட்டத்தையும் முயன்று பார்த்தேன். முதல் மாதம் பதினான்கு புத்தகம் இறக்கினேன், முடித்தது ஒன்று. எது நன்றாக இருக்கும் என்று புரட்டுவதிலேயே இரவு அரை மணி போய்விடும். சந்தா நின்றதும், பாதியில் இருந்த புத்தகங்களும் போய்விட்டன. அவரவர் இயல்பு வேறு. நிறைய வேகமாகப் படித்துத் தள்ளுபவர்களுக்கு அது லாபமாக இருக்கும். துண்டு நேரத்தில் படிப்பவருக்கு ஒன்றை விலைகொடுத்து வாங்கி, அது முடியும் வரை இன்னொன்றைத் திறக்காமல் இருப்பதே உதவுகிறது.

செல்போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எப்போதும் கையில் இருப்பது அதன் ஒரே பலம். நாவல் படிக்க உட்கார்ந்தால் நான்காவது பக்கத்தில் பள்ளிக் குழுவிலிருந்து செய்தி வரும், அதற்குப் பதில் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மாம்பலம் வந்திருக்கும். ஐந்து நிமிடத் துண்டுகளுக்கு மட்டும் அதில் ஒன்று வைத்திருக்கிறேன், குறுந்தொகை. நான்கு அடி முதல் எட்டு அடி வரை உள்ள பாடல்கள், அப்படி நானூற்றொன்று. ரேஷன் வரிசை நகர்வதற்குள் ஒரு பாட்டை இரண்டு முறை படித்து உரையும் பார்த்துவிடலாம். விட்ட இடம் என்ற பேச்சே இல்லை, ஒவ்வொன்றும் தனியாக முடிந்துவிடுகிறது. ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, இப்போது முந்நூறு தாண்டியிருக்கிறேன். காத்திருக்கும் இடங்களில் வரும் எரிச்சல் எனக்குக் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

ஒலிநூலைத்தான் நான் ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். கேட்பது எப்படிப் படிப்பதாகும் என்று நினைத்தேன். மாற்றியது என் மாமியார். கும்பகோணத்துக்காரர். இளம் வயதில் வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, சேர்த்துவைத்து, பைண்டு போட்டவர். அந்த அட்டைக் கட்டுகள் இன்னும் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. கண் புரை அறுவைக்குப் பிறகும் சின்ன எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. நாளிதழில் தலைப்புகளோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வருடம் முன்பு ஸ்டோரிடெல் என்ற ஒலிநூல் செயலியில் ஒரு தமிழ் நாவலைச் சமையலறையில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டேன். எனக்காகத்தான். காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை கொஞ்ச நேரத்தில் கத்தியை வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். மிக்ஸி போட்டால் "நிறுத்தும்மா, அவ என்ன சொல்றான்னு கேக்கல" என்பார். நான் நிறுத்தி, அரைத்துவிட்டு, முப்பது வினாடி பின்னால் தள்ளிப் போடுவேன். மறுநாள் மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு அப்புறம் ஊருக்குப் போனாளா?" என்பது. "தெரியாது அத்தை, போட்டாத்தான் தெரியும்" என்றேன். அந்த முந்நூறு பக்க நாவல் ஏறத்தாழ 11 மணி நேரம் ஓடியது. தினம் 40 நிமிடம் வீதம் பதினேழு நாள். விட்ட இடத்தை நான் மறந்தாலும் அவர் மறக்கவில்லை. முந்தின நாள் கதையை இரண்டு வரியில் சொல்லிவிட்டுத்தான் போடச் சொல்வார். என் அளவுகோலின்படி பார்த்தால் அதைவிட விரைவான வழி வேறு இருக்க முடியாது.

எல்லாப் புத்தகமும் காதுக்கு ஒத்துவராது. ஆண்டுகளும் பெயர்களும் நிறைந்த வரலாற்று நூலைக் கேட்டால், ஒரு விசில் சத்தத்தில் ஒரு போர் முழுவதும் போய்விடும். கட்டுரை நூல்களில் நின்று யோசிக்க வேண்டிய வரி வந்தாலும் குரல் நமக்காக நிற்காது. வட்டார வழக்கில் எழுதிய கதைகள் மட்டும், அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவர் வாசித்தால், கண்ணால் படிப்பதைவிடக் காதில் நன்றாக ஏறுகின்றன. கரிசல் காட்டுக் கதை ஒன்றை நான் இரண்டு முறை படித்தும் விளங்காமல் விட்ட சொற்கள், குரலின் ஏற்ற இறக்கத்திலேயே புரிந்தன. வாங்குவதற்கு முன் மாதிரியை ஐந்து நிமிடமாவது கேளுங்கள். வாசிப்பவரின் குரல் பிடிக்கவில்லை என்றால் கதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

பிறகு, வாங்குவதா இரவல் எடுப்பதா? ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்குப் போனால் பத்து சதவீதத் தள்ளுபடியில் இரண்டு பை நிறைய வாங்கிவிடுவேன். அந்த மகிழ்ச்சியை விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வருடத்தில் நான் முடித்த புத்தகங்களை எண்ணிப் பார்த்தபோது, வாங்கியதைவிடக் கிளை நூலகத்தில் எடுத்தவை அதிகம். காரணம் திருப்பித் தரும் தேதி. இரண்டு வாரத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றால் இரவில் சீரியலுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் கை புத்தகத்துக்குப் போகிறது. சொந்தப் புத்தகம் எங்கே போய்விடும் என்ற நிம்மதியே அதைத் தள்ளிப்போட வைக்கிறது.

நாம் காசும் கட்டியிருக்கிறோம். சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948-இல் இங்கேதான் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி சேர்ந்து போகிறது. உறுப்பினர் கட்டணம் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்குள் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அலுவலகம் முடிந்து ஓடிவந்து பூட்டிய கதவைப் பார்ப்பது வருத்தமாக இருக்கும். புதுப் புத்தகங்கள் தாமதமாகத்தான் வரும், உண்மைதான். ஆனால் இரண்டரை வருடம் எதையும் படிக்காதவருக்குப் புதிதாக வந்ததுதான் வேண்டும் என்பதில்லை. விடுமுறை நாளில் பையனைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போவேன். அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அவன் படம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு வாரத்தில் கிடைக்கும் நீளமான ஒரே துண்டு. ரயிலில் தோற்ற அந்த நாவலை அங்கேதான் முடித்தேன்.

விடியற்காலையா இரவா என்பதையும் ஒரு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அரை மணியில் இரவில் எட்டுப் பக்கம் போனது, காலை ஐந்து மணிக்குப் பதினாலு. காலையில் படித்தது நினைவிலும் நின்றது. ஆனால் தூக்கத்தைப் பறிகொடுத்துப் படித்த நாட்களில் மாலையில் பையனிடம் சிடுசிடுத்தேன். அதைக் கவனித்தபிறகு, வாரத்தில் இரண்டு விடியல் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். அந்த இரண்டும் கடினமான புத்தகத்துக்கு. மற்ற இரவுகளில் ஏற்கெனவே படித்துப் பிடித்த கதைகளை மறுபடியும் படிக்கிறேன். பாதியில் கண் சொக்கினாலும் எதுவும் தொலைவதில்லை.

சரி, அவளுக்கு என்ன சொன்னேன்? மறுநாள் ரயிலில் இடம் கிடைத்ததும் சொன்னேன். போனஸை இப்போது தொடாதே. முதல் மாதம் நூலக அட்டை, ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு, ரயிலில் மட்டும். இரண்டாவது மாதம், குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்துக்கு ஒரு ஒலிநூல், காதில் ஒன்றை மாட்டி, மற்றொரு காதைத் திறந்துவைத்து. அந்த இரண்டு மாதத்தில் இருட்டில், ஒரு கையில் பிடித்துப் படிக்க வேண்டும் என்ற தேவை திரும்பத் திரும்ப வந்தால், உன் பத்துப் புத்தகப் பட்டியலில் குறைந்தது ஆறு மின்னூலாகக் கிடைத்தால், கிண்டில் வாங்கு. அப்போது அது வீண்போகாது. இப்போதே வாங்கினால், படிக்காத புத்தகம் போதாதென்று திறக்காத சாதனமும் சேர்ந்து மனசை அழுத்தும்.

"ஒரு மாசத்துக்கு ஒரே புத்தகமா அக்கா?" என்றாள், வாரம் ஒன்று முடித்த பழைய கணக்கை நினைத்து. "ஒண்ணுதான். அதை முடி" என்றேன்.

என் பையில் இருந்த தொகுப்பையே கொடுத்தேன். என் பென்சில் புள்ளிகள் அதில் இருக்கின்றன. நேற்று அவள் ஐந்தாவது கதையில் இருந்தாள். பரங்கிமலையில் ஒரு பாட்டி ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தாள். நின்றபடியே கட்டைவிரலை நடுவில் கொடுத்துப் புத்தகத்தை விரித்து, எழும்பூர் வரை தலை நிமிரவில்லை. இறங்கும்போது நான்தான் தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது.